மூன்றாவது கொக்கி

எங்கள் வீட்டின் பின்வாசல் அறையில், பூட்ஸுகள் வரிசையாக நிற்கும் இடத்துக்கு மேலே, இரண்டு துப்பாக்கிகள் மாட்டியிருக்கும். மேலே இருப்பது மாரிட்டினுடையது. கீழே இருப்பது என்னுடையது. இரண்டையும் செய்தது ஒரே கம்பெனி. இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே தோட்டா. தெரியாதவர்கள் பார்த்தால் அக்கா தங்கை என்றுதான் நினைப்பார்கள். ஆனால் மாரிட்டினுடையது ஐம்பத்திரண்டில் செய்தது, என்னுடையது அறுபத்தொன்பதில். இடையில் அறுபத்து நாலு என்ற வருடம் கிடக்கிறது. அந்த வருடம் கம்பெனி செலவைக் குறைப்பதற்காக அந்தத் துப்பாக்கியின் உள்ளுறுப்புகளை மாற்றியது. மொன்டானாவில் எங்கள் பக்கத்து ஆட்களிடம் அதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் தட்டில் இருப்பது ஆறிவிடும். முந்தியதா பிந்தியதா என்று ஒரே கேள்விதான் கேட்பார்கள். முந்தியது என்றால் கையை பேன்ட்டில் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் காட்டுங்களேன் என்பார்கள். பிந்தியது என்றால் தலையை ஆட்டிவிட்டு மழை வருமா என்று பேசுவார்கள்.

மாரிட் என் கணவர் ஆர்விடின் முதல் மனைவி. காட்டுத்தீ வருகிறதா என்று பார்த்துச் சொல்வதற்காக மலையுச்சியில் கட்டிய கோபுரத்தில் இரண்டு கோடைக்காலம் தனியாக இருந்து, அந்தச் சம்பளத்தில், இருபத்திரண்டு வயதில் அந்தத் துப்பாக்கியை வாங்கியவள். அறுபத்தாறில் நோயில் இறந்துபோனாள். நான் அறுபத்தெட்டில் வந்தேன். ஊர் என்னை நன்றாகத்தான் ஏற்றுக்கொண்டது. தேவாலயத்தின் கீழ்க்கூடத்தில் எனக்குக் காபி ஊற்றிக் கொடுத்துக்கொண்டே, மாரிட் ஒரு எல்க் மானுக்கு ஒரு தோட்டாவுக்கு மேல் செலவழித்ததே இல்லை என்று சொன்னார்கள். என்னைக் குத்துவதற்காக அல்ல. நல்ல பொருளைப் பற்றிப் பேசாமல் அவர்களால் இருக்க முடியாது, அவ்வளவுதான். பிந்தியவள் என்று யாரும் என்னைச் சொன்னதில்லை. நானேதான் சொல்லிக்கொண்டேன், பதின்மூன்று வருடம், பாத்திரம் கழுவும்போது.

அக்டோபர் பிறந்ததும் ஆர்விட் சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து இரண்டுக்கும் எண்ணெய் போடுவார். மாரிட் போன பிறகு அவளுடையதை யாரும் சுட்டதில்லை. அவர்கூடத் தன்னுடைய பழைய குட்டைத் துப்பாக்கியைத்தான் எடுத்துப் போவார். தொடாதே என்று அவர் என்னிடம் சொன்னதில்லை. எடுத்துக்கொள் என்றும் சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதைப் பெருந்தன்மை என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அது வெறும் பயம்தான். எடுத்துச் சுட்டு, அது உண்மையிலேயே என்னுடையதைவிட நல்லது என்று தெரிந்துவிட்டால் என்ன செய்வது?

ஆர்விட் இந்தப் பிப்ரவரியில் இறந்தார். ஆஸ்பத்திரியில் தெளிவாக இருந்த கடைசி மத்தியானம், அம்மா துப்பாக்கி சிக்னேக்கு என்றார். சிக்னே அவருக்கும் மாரிட்டுக்கும் பிறந்த மகள். நான் இந்த வீட்டுக்கு வந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. இப்போது இருபத்தைந்து. பில்லிங்ஸில் ஒரு சர்க்கரை ஆலையின் பரிசோதனைக்கூடத்தில் வேலை. ஐந்து மணி நேரப் பயணம். வருடத்தில் ஒரு முறை, எல்க் வேட்டை தொடங்கும் வாரம், அப்பாவுடன் மலைக்குப் போக வருவாள். பின்வாசல் வழியாக வந்து, பூட்ஸைக் கதவு திறக்க முடியாதபடி குறுக்கே கழற்றிப் போட்டு, என்னிடம் நாலு வார்த்தை பேசி, மூன்று தடவை சோறு போல உருளைக்கிழங்கு வாங்கிச் சாப்பிட்டுத் தூங்கிவிடுவாள். அந்த நாலு வார்த்தைக்காக நான் செப்டம்பரிலிருந்தே அவள் அறைப் போர்வையை உதறிக்கொண்டிருப்பேன். எனக்குப் பிள்ளைகள் இல்லை. இதை அவளிடம் சொன்னதில்லை.

இந்த அக்டோபரில் தொலைபேசியில் பேசினாள். வேட்டை தொடங்குவதற்கு முந்தின நாள் வருவதாகவும், ஞாயிற்றுக்கிழமை அம்மா துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போவதாகவும் சொன்னாள். வேறு எதுவும் சொல்லவில்லை. போனை வைத்த பிறகு சமையலறையில் நின்றபடியே கணக்குப் போட்டேன். அப்பா இல்லை. அம்மாவின் துப்பாக்கியும் அவளுடன் போய்விடும். அதற்கப்புறம் இந்த வீட்டுக்கு வர அவளுக்கு என்ன இருக்கிறது? நான் இருக்கிறேன். அதை ஒரு காரணமாகச் சொல்ல எனக்கே வாய் வரவில்லை.

பதினைந்து வருடம் சுடாத துப்பாக்கி. குறி விலகியிருக்கலாம். மலையில் அவள் தவறவிட்டால் துக்கமாகிவிடும், முன்கூட்டியே சரிபார்த்து வைப்போம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். புதன்கிழமை மத்தியானம் அதை எடுத்துக்கொண்டு கல்குவாரிப் பள்ளத்துக்குப் போனேன்.

முதலில் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். துப்பாக்கியை ஒரு கையில் தூக்கி நடக்கும்போது எடை சரியாக நிற்கும் இடம் ஒன்று உண்டு. அந்த இடத்தில் இரும்பின் கருநீல மெருகு தேய்ந்து வெள்ளியாகியிருந்தது. மாரிட்டின் கை. பதினாலு வருடம் மலையேறிய கை. என் விரல்களும் அங்கேதான் போய் உட்கார்ந்தன. மரக்கட்டையில் பிடிக்கும் இடத்தில் செதுக்கிய கட்டங்கள் கையால் வெட்டியவை. ஈரத்திலும் வழுக்காது. என்னுடையதில் அதே கட்டங்களைச் சூடான அச்சால் அழுத்தியிருப்பார்கள், பிஸ்கெட்டில் பெயர் அழுத்துவது போல. குழலுக்கும் மரத்துக்கும் நடுவே மாரிட்டினுடையதில் ஒரு தாள்தான் நுழையும். என்னுடையதில் உள்ள இடுக்கைப் பார்த்த அன்று துப்பாக்கி பழுதுபார்க்கும் வெண்டல் கண்ணைச் சிமிட்டாமல், "கவலைப்படாத வெர்லா, மத்தியானச் சாப்பாட்ட இதுக்குள்ளயே வச்சுக்கலாம்" என்று சொன்னது பத்து வருடமாக ஊரில் ஓடுகிறது.

தோட்டா அறையில் நான்கு போட்டேன். அவற்றை ஒவ்வொன்றாகக் குழலுக்குள் தள்ளும் இரும்புத் தண்டைப் போல்ட் என்பார்கள். போல்ட்டைத் தள்ளினேன்.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. என் துப்பாக்கியில் தோட்டா அறையிலிருந்து கிளம்பியதும் தன் போக்கில் தடதடவென்று ஓடி, குழலுக்குள் போய் விழும். போல்ட் அதைப் பின்னாலிருந்து தள்ளுவதோடு சரி. மாரிட்டினுடையதில் போல்ட்டின் பக்கவாட்டில் ஒரு நீளமான எஃகுக் கொக்கி இருக்கிறது. தோட்டா மேலே எழும்பும்போதே அதன் அடிவிளிம்பு அந்தக் கொக்கிக்குள் நழுவி உட்கார்ந்துகொள்கிறது. அங்கிருந்து அது தனியாக இல்லை. குழலுக்குள் போகும்வரை, வெடித்துத் திரும்பி வரும்வரை, கொக்கி அதை விடுவதில்லை. குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு சாலை கடப்பது போல இருந்தது. ஊர் ஆண்கள் எல்லாரும் பதின்மூன்று வருடமாக என்னிடம் சொன்னது இதைத்தான். நான் அதை மாரிட்டைப் பற்றிய பேச்சாகவே கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்று சுட்டேன். மூன்றும் அட்டையில் ஒரு காபிக் கோப்பை அளவுக்குள் விழுந்தன. இன்னொன்றையும் கண்டுபிடித்தேன். போல்ட்டை வேகமாக இழுத்தால் காலித் தோட்டா தூரப் பறக்கிறது. மெதுவாக இழுத்தால் மெதுவாகச் சாய்ந்து உள்ளங்கையில் விழுகிறது. என்னுடையதில் உள்ளே ஒரு வில் இருக்கிறது, நான் எப்படி இழுத்தாலும் ஒரே மாதிரி வீசி எறியும். இது என் கை என்ன சொல்கிறதோ அதைச் செய்தது. சூடான பித்தளையைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் குளிரில் நான் சிரித்தேன். பொறாமையாக இருக்கும் என்று பயந்திருந்தேன். இல்லை. நல்லதாக இருக்கிறதே என்ற சந்தோஷம் மட்டும்தான், சுத்தமாக, வேறொன்றும் கலக்காமல்.

நான்காவதையும் சுட்டதும் அறை காலியானது. இன்னும் ஒன்றே ஒன்று சுட ஆசை வந்தது. பையிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்து, எப்போதும் செய்வது போல, மேல் திறப்பு வழியாக நேரே குழலின் வாயில் போட்டுவிட்டு போல்ட்டைத் தள்ளினேன். என்னுடையதில் அப்படித்தான் செய்வேன். பிந்திய துப்பாக்கியில் பழகியவர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். போல்ட் கடைசி அரை அங்குலத்தில் நின்றது. தூசி என்று நினைத்தேன். உள்ளங்கையால் ஓங்கித் தள்ளினேன். டிக் என்று ஒரு சின்ன சத்தம், பல் உடைவது போல.

அந்தக் கொக்கி தோட்டாவைக் கீழிருந்து வரும்போதுதான் பிடிக்கும். ஏற்கெனவே உள்ளே போய் உட்கார்ந்துவிட்ட தோட்டாவின் விளிம்பைத் தாண்டிக் குதிக்க அது செய்யப்படவில்லை. இதை நான் நூறு தடவையாவது கேட்டிருப்பேன். கொக்கியின் நுனி உடைந்து பனிக்கட்டி மேல் கிடந்தது. ஒரு அரிசி அளவு.

மண்டியிட்டு அதை எடுத்தேன். பதினைந்து வருடம் யாரும் தொடாமல் பத்திரமாக இருந்த பொருள். என் கையில் அரை மணி நேரம்.

மறுநாள் காலையில் வெண்டலின் பட்டறை திறப்பதற்கு முன்பே போய் வாசலில் நின்றேன். வெண்டலுக்கு எழுபது இருக்கும். மரம் வெட்டிக்கொண்டிருந்து, ஒரு காது கேட்காமல் போனபின் துப்பாக்கி பழுதுபார்க்க வந்தவர். போர்வையைப் பிரித்துத் துப்பாக்கியைப் பார்த்தவுடனே கையைத் துணியில் துடைத்தார். பிறகு கொக்கியைப் பார்த்தார்.

"நேரா உள்ள போட்டியா?"

"ஆமா."

"உன் துப்பாக்கின்னு நெனச்சிட்ட."

"ஆமா வெண்டல்."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் போல்ட்டை வெளியே எடுத்து, கட்டைவிரலால் அந்த நீளக் கொக்கியைத் தள்ளி, ஒரு பக்கமாகத் திருப்பி, முன்னால் உருவி எடுத்தார். அவ்வளவுதான். ஒரு திருகாணி இல்லை, ஒரு கருவி இல்லை. "இதுக்குத்தான் இதுக்கு இவ்ளோ மதிப்பு. உடைஞ்சா ஒத்துக்கும், மாத்த விடும். மலை மேல உக்காந்து வெறுங்கையால மாத்தலாம்" என்றார். உடைந்த கொக்கியை மேசையில் கவிழ்த்துப் போட்டுவிட்டு, புகையிலை டப்பா ஒன்றைக் கிளற ஆரம்பித்தார்.

கவிழ்ந்து கிடந்த கொக்கியின் உள்பக்கம் ஊசியால் கீறிய ஒரு குறி இருந்தது. 'வெ', பக்கத்தில் 58. வெண்டல் தான் மாட்டிய பாகங்களின் உள்ளே இப்படிக் கீறுவார் என்று எல்லாருக்கும் தெரியும். நான் குனிந்து பார்ப்பதை அவர் பார்த்தார். பெரிய விரலை அதன் மேல் மெதுவாக வைத்து மூடினார்.

ஐம்பத்தெட்டில் அந்தத் துப்பாக்கியைத் தொட்டவள் ஒருத்திதான்.

"அப்போ நான் உடைச்சது ரெண்டாவது" என்றேன்.

"நீ உடைச்சேன்னு நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல" என்றார் வெண்டல், என் முகத்தைப் பார்க்காமல். "இந்த ஷெட்டுக்குள்ள உடைஞ்சு வந்தது எதையும் நான் வெளிய பேசினது கிடையாது. யாரோடதா இருந்தாலும்."

டப்பாவிலிருந்து ஒரு பழைய கொக்கியை எடுத்தார். எப்போதோ பிரித்துப்போட்ட ஒரு துப்பாக்கியுடையது. அதுவும் முந்தியதுதான். அரத்தால் இரண்டு இழுப்பு, ஒரு பொய்த் தோட்டாவைப் போட்டுப் பார்த்தல், மறுபடி ஒரு இழுப்பு. நான் முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். மாரிட்டை எனக்கு ஒரு புகைப்படமாகத்தான் தெரியும். கோபுரத்தின் படியில் காலை அகட்டி நின்று, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்காமல் பார்க்கும் முகம். அந்த முகம் ஒருபோதும் எதையும் உடைத்ததில்லை. இப்போது அவள் இருபத்தெட்டு வயதில் இதே ஷெட்டில், இதே பனி பூட்ஸோடு, உடைந்த துண்டை உள்ளங்கையில் மூடிக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை. ஊரே அவளை ஒரு தோட்டாக்காரி என்கிறது. அவள் வெண்டலிடம் என்ன கேட்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். வார்த்தை வார்த்தையாகத் தெரியும். நானும் அதையே கேட்கத்தான் வந்திருந்தேன்.

புதுக் கொக்கியின் உள்ளே வெண்டல் 81 என்று கீறினார். எவ்வளவு என்று கேட்டதற்கு, சிக்னே மான் அடித்தால் ஈரல் கொண்டு வா என்றார்.

வீட்டுக்கு வந்து துப்பாக்கியை அதன் இடத்தில் மாட்டினேன். ஒரு மாற்றமும் தெரியவில்லை. சொல்லாமல் இருந்துவிடலாம். மாரிட் அப்படித்தான் இருந்தாள். அதற்கப்புறமும் ஆர்விடோடு எட்டு வருடம் வாழ்ந்து, எதையும் சொல்லாமலே போனாள், அதனால் அவளுக்கு ஒரு குறையும் வரவில்லை. அன்று முழுதும் அந்த எண்ணத்தோடே இருந்தேன். ஆனால் அவள் சொல்லாதது அவளுடைய துப்பாக்கியைப் பற்றி. நான் சொல்லாமல் இருக்கப்போவது இன்னொருத்தியுடையதைப் பற்றி. சிக்னே அந்தக் கொக்கியை நம்பி மலை மேல் நிற்கப்போகிறாள். யார் மாட்டியது, எப்போது மாட்டியது, எத்தனை தடவை சுட்டுப் பார்த்தது என்று அவளுக்குத் தெரிய வேண்டும். சொன்னால் போய்விடுவாள் என்பது ஒரு பக்கம். சொல்லாமல் அவள் வருடா வருடம் வந்தாலும், நான் அவளுக்கு எதிரே உட்கார்ந்து அந்த உருளைக்கிழங்கை எப்படிப் பரிமாறுவது?

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வந்தாள். பூட்ஸைக் கழற்றவில்லை. கோட்டோடு நேரே துப்பாக்கிக்குக் கையை நீட்டினாள்.

"சிக்னே, முதல்ல நான் ஒண்ணு சொல்லணும்" என்றேன். கையில் பாத்திரம் துடைக்கும் துணி இருந்தது. அதை மடித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கல்குவாரி, நேரே போட்ட தோட்டா, சத்தம், வெண்டல். ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன்.

அவள் போல்ட்டைத் திறந்து கொக்கியைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். கன்னத்தின் கீழே அவள் அப்பாவுக்கு இழுப்பது போலவே ஒரு தசை இழுத்தது.

"அம்மா ஒரு நாளும் இப்படிச் செஞ்சிருக்க மாட்டாங்க" என்றாள்.

பதின்மூன்று வருடம் நான் காத்திருந்த வாக்கியம் அது. யாராவது ஒரு நாள் அதை என் முகத்துக்கு நேரே சொல்வார்கள் என்று தெரியும், பதிலுக்கு எதுவும் இருக்காது என்றும் தெரியும். இப்போது பதில் இருந்தது. இரண்டு எண்கள். ஐந்து, எட்டு. நாக்கின் நுனியில் இருந்தது. சொன்னால் நாங்கள் இருவரும் சமம். ஆனால் சொல்லத் தோன்றவில்லை. அதை நல்ல குணம் என்று சொல்ல மாட்டேன். அந்த ரகசியத்தில் மாரிட்டும் நானும் மட்டும் இருந்தோம், வேறு யாரும் இல்லை. அவளோடு எனக்குக் கிடைத்த ஒரே உறவு அது. அதைக் கொடுத்துவிட எனக்கு மனமில்லை.

"மாட்டாங்க" என்றேன்.

சிக்னே துப்பாக்கியோடு வெளியே போனாள். பிக்கப் வண்டியின் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. இன்ஜின் ஓடியது. நான் சமையலறை ஜன்னலுக்குப் போகவில்லை. அடுப்பில் குழம்பாக வெந்துகொண்டிருந்த போன வருட எல்க் இறைச்சியைக் கிளறினேன். இரண்டு பேருக்கு வைத்தது. அடியில் பிடித்துவிட்டது என்பதைக்கூட மூக்கு சொல்லித்தான் தெரிந்தது.

கதவு திறந்தது. "வர்றீங்களா இல்லையா? இன்னும் ஒரு மணி நேரம்தான் வெளிச்சம் இருக்கும். ஹீட்டரைப் போட்டு வச்சிருக்கேன்" என்றாள்.

கல்குவாரியில், எப்படி உடைத்தேன் என்று செய்து காட்டச் சொன்னாள். காலித் தோட்டாவை வைத்துக் காட்டினேன், தள்ளாமல். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். "இந்த மாதிரி மரமண்டை வேலைய எங்க ஆலைல ஒருத்தன் செஞ்சான். ஆனா அவன் குடிச்சிருந்தான்" என்றாள். நான் குடிக்கவில்லை, அதுதான் கஷ்டம் என்றேன். அப்போது சிரித்தாள். பிறகு ஐந்து தோட்டா சுட்டாள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் கொக்கியை விரலால் தொட்டுப் பார்த்து. ஐந்தும் நன்றாக விழுந்தன. அவள் தோளில் அது இருந்த விதம் வேறு. எனக்கு நன்றாகப் பொருந்தியது. அவளைப் பொறுத்தவரை பொருந்தியது என்ற சொல்லே போதாது, எங்கே அவள் முடிகிறாள் எங்கே அது தொடங்குகிறது என்று தெரியவில்லை.

திரும்பும்போது கேட்டாள். "ஏன் சொன்னீங்க? சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்கவே போறதில்ல."

"மலைல அது ஒருவேளை ஏமாத்தினா, நீ உன் கை மேல சந்தேகப்பட்டிருப்ப" என்றேன்.

வீட்டில் அடிப்பிடித்த குழம்பை மூன்று தடவை போட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை விடியும் முன் மலையேறினோம். அவள் முன்னால், மாரிட்டின் துப்பாக்கியோடு. நான் பின்னால், என்னுடையதோடு. எட்டு மணிக்கு ஃபிர் மரங்களின் விளிம்பில், எதிர்ச்சரிவில், நான்கு பெண் மான்களுக்குப் பின்னால் ஒரு ஆண் மான் வந்தது. சிக்னே விழுந்துகிடந்த மரத்தின் மேல் பையை வைத்து, துப்பாக்கியைச் சாய்த்துச் சுட்டாள். மான் குலுங்கியது, ஆனால் விழவில்லை. சற்றுப் பின்னால் பட்டிருந்தது. மரங்களுக்குள் போக அதற்கு இருபது கஜம் இருந்தது. அடிபட்டு உள்ளே போய்விட்டால் அந்தச் சரிவில் அதைக் கண்டுபிடிக்க முடியாது. எங்கோ கிடந்து சாகும். எங்கள் ஆட்களுக்கு அதைவிடப் பெரிய அவமானம் வேறு கிடையாது.

சிக்னே போல்ட்டை இழுத்தாள், தள்ளினாள், பாதி தள்ளியபோதே பதற்றத்தில் மறுபடி பின்னால் இழுத்துவிட்டாள், மறுபடி தள்ளினாள். என் துப்பாக்கியில் அப்படிச் செய்தால் முதல் தோட்டா குழலுக்குள்ளேயே தங்கிவிடும். அடுத்தது அதன் முதுகில் போய் முட்டும். அதோடு முடிந்தது, கத்தி வைத்துத்தான் நெம்ப வேண்டும். ஆனால் இது அதைக் கையோடு பிடித்திருந்தது. அவள் பின்னால் இழுத்தபோது தோட்டாவும் கூடவே வந்தது. தள்ளியபோது கூடவே போனது. போல்ட் மூடிய சத்தம், எண்ணெய் போட்ட பூட்டு மாதிரி, அவ்வளவு நிதானமாக இருந்தது. பதறியது அவள்தான், அது பதறவில்லை. அவள் சுட்டாள். மான் முன்கால்கள் மடங்கி அங்கேயே உட்கார்ந்தது.

பிறகு சிக்னே திரும்பாமலே கேட்டாள்.

"பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"ரெண்டு தோட்டா."

"ஆமா."

"அப்புறம் அந்த பாதில இழுத்தது."

"அதையும்தான்."

"யார்கிட்டயும் சொல்லாதீங்க வெர்லா."

"மாட்டேன்" என்றேன். அதைச் சொன்னபோது என் குரல் எப்படி இருந்ததென்று தெரியவில்லை. அவள் திரும்பிப் பார்த்தாள். என் கண் நிறைந்திருந்ததைக் குளிர் காற்று என்று எடுத்துக்கொண்டிருப்பாள்.

ஒரு ஆண் எல்க்கை ஒரு ஆள் மலையிலிருந்து இறக்க முடியாது. வயிற்றைத் திறந்து, தோலுரித்து, நாலு கால்களாகப் பிரித்து, பையில் வைத்து முதுகில் சுமந்து இறக்க வேண்டும். அன்று இரண்டு நடை, மறுநாள் காலை இரண்டு நடை. நாலாவது நடையில் என் முழங்கால் விட்டுப்போனது. சிக்னே என் சுமையில் பாதியை வாங்கித் தன்னுடையதோடு கட்டிக்கொண்டாள். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். ஆலையைப் பற்றி, அவளோடு வீட்டைப் பகிர்ந்துகொண்டிருக்கும் பெண்ணின் பூனையைப் பற்றி, ஆர்விட் ஒருமுறை தன்னைத் திட்டியதைப் பற்றி. இரண்டு நாளில் பதின்மூன்று வருடத்துக்கான பேச்சு. இறைச்சிச் சுமையோடு நடக்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, அதனால் இருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஈரலில் பாதியை வெண்டலுக்காக எடுத்து வைத்தாள். இறைச்சியில் பாதியை வண்டியில் ஏற்றினாள். துப்பாக்கியைப் போர்வையில் சுற்றி, ஆள் உட்காரும் சீட்டில் படுக்க வைத்து, பெல்ட்டையும் போட்டுவிட்டாள். நான் படியில் நின்றேன். பின்வாசல் அறையில் மேல் இடம் காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். எதிர்பார்த்த அளவுக்கு அது வலிக்கவில்லை, ஆனால் வலித்தது.

அவள் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினாள். பிறகு கண்ணாடியை இறக்கி, தோட்டாப் பெட்டியின் மூடியைக் கிழித்து, மடியில் வைத்துக்கொண்டு பேனாவைத் தேடினாள்.

"மேல் பள்ளத்தாக்குல வேட்டையாட அடுத்த வருஷம் குலுக்கல் போட்டுத்தான் அனுமதி குடுக்குறாங்க" என்றாள். "ரெண்டு பேர் சேர்ந்து ஒரே ஃபாரத்துல போட்டா, விழுந்தா ரெண்டு பேருக்கும் விழும். இல்லைன்னா ரெண்டு பேருக்கும் இல்ல. நான் நிரப்பி அனுப்பிடுறேன். உங்க பிறந்த தேதி என்ன? எனக்குத் தெரியவே தெரியாது."

"ஏப்ரல் ஒன்பது" என்றேன்.

"வருஷம்?" என்றாள், தலையைத் தூக்காமல்.

சொன்னேன். எழுதிக்கொண்டாள்.